காருக்கு சஸ்பென்ஷன் பாகங்களை நாமே செய்து மாட்டலாமா? லேத் பட்டறையில் முடிவதும் முடியாததும்!

பெங்களூருவில் இருந்து வரும்போது அத்திப்பள்ளியைத் தாண்டியதும் தமிழ்நாடு தொடங்கும் இடம் ஜூஜுவாடி. ஓசூர் சிப்காட்டை ஒட்டிய பகுதி. ஒருபக்கம் அசோக் லேலண்ட், டிவிஎஸ் போன்ற பெரிய நிறுவனங்கள். இன்னொரு பக்கம் அவற்றை நம்பியும், தனித்தும் இயங்கும் லேத், சிஎன்சி, வெல்டிங் பட்டறைகள். இரும்பில் எதைக் கேட்டாலும் செய்துகொடுக்கும் ஊர் என்று பெயர் வாங்கிய பகுதி இது.

இப்படிப்பட்ட ஊரில் கார் பிரியர் ஒருவருக்கு ஆசை வருவது இயல்புதான். "அண்ணா, இந்த லோயர் ஆர்மை ரெண்டு இன்ச் நீளமா பண்ணித் தர முடியுமா?" என்று கேட்டால், "மெட்டீரியல் கொண்டு வா தம்பி, நாளைக்கு வாங்கிக்கோ" என்ற பதில் கிடைத்துவிடும். காரைத் தாழ்த்த, உயர்த்த, அகலமான சக்கரம் மாட்ட எல்லாவற்றுக்கும் சஸ்பென்ஷனில் கை வைத்தாக வேண்டும். வெளிநாட்டு கிட் வாங்கினால் செலவு அதிகம், உள்ளூரில் செய்தால் குறைவு.

சரி, செய்யலாமா? செய்தால் என்ன ஆகும்? சட்டம் என்ன சொல்கிறது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சஸ்பென்ஷன் என்றால் ஷாக் அப்சார்பர் மட்டுமா?

இல்லை. ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் கன்ட்ரோல் ஆர்ம், அதன் முனையில் இருக்கும் பால் ஜாயிண்ட், ரப்பர் புஷ் எல்லாம் சேர்ந்ததுதான் சஸ்பென்ஷன். குழியில் உடம்பு குலுங்காமல் பார்த்துக்கொள்வது அதன் ஒரு வேலை. அதைவிடப் பெரிய வேலை, நான்கு சக்கரங்களையும் சரியான கோணத்தில் தரையோடு ஒட்டவைப்பது. பிரேக் பிடிப்பதும், ஸ்டியரிங் கேட்பதும் அந்த ஒட்டுதலை நம்பித்தான்.

ஒரு சின்னக் கணக்கு. 1,100 கிலோ எடையுள்ள காரில் 60 சதவீத எடை முன்பக்கம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு முன்சக்கரத்தின் மேல் நிற்கும் எடை 330 கிலோ. பெரிய குழியில் வேகமாக இறங்கினால் அது மூன்று மடங்காகலாம். அதாவது ஒரே அடியில் சுமார் 1,000 கிலோ.

"ஒரு டன் தானே, நல்ல கனமான இரும்பு போட்டா தாங்கும்" என்று தோன்றும். உண்மைதான், தாங்கும். பட்டறையில் செய்த ஆர்ம் முதல் நாளே உடைவது அரிது. பிரச்னை முதல் நாளில் வருவதில்லை.

இரும்புக்கும் சோர்வு வரும்!

ஒரு கம்பியை ஒருமுறை வளைத்தால் உடையாது. திரும்பத் திரும்ப வளைத்து நிமிர்த்தினால் பட்டென்று முறியும். இதைத்தான் உலோகச் சோர்வு என்கிறார்கள். ஒரே அடியில் உடைக்க முடியாத பாகத்தை, அதைவிடச் சின்ன அடி லட்சக்கணக்கான முறை விழுந்து உடைத்துவிடும்.

உலகம் இதைக் கற்றுக்கொண்ட விதம் கொடூரமானது. 1842-ல் பிரான்சின் வெர்சாய் அருகே ரயில் என்ஜினின் அச்சு முறிந்து விபத்து ஏற்பட்டது. 50-க்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். அதன்பின் ரயில் அச்சுகள் ஏன் முறிகின்றன என்று பலர் ஆராயத் தொடங்கினர். ஜெர்மன் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் 1850, 60-களில் அச்சுகளைத் திரும்பத் திரும்பச் சுமையேற்றிச் சோதித்து, எத்தனை சுழற்சிக்கு எவ்வளவு சுமையை உலோகம் தாங்கும் என்று அளந்தார். இன்றைய சோதனைக்கூடங்கள் செய்வதும் அடிப்படையில் அதேதான்.

காருக்கு வருவோம். கரடுமுரடான சாலையில் சக்கரம் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 10 முறை மேலும் கீழும் அதிரும். ஒரு மணி நேரம் அப்படி ஓடினால் 36,000 அதிர்வுகள். 100 மணி நேரத்தில் 36 லட்சம். ஒவ்வொன்றும் சின்ன அதிர்வுதான். ஆனால் வெல்டிங் ஓரத்தில் முடி அளவு விரிசல் இருந்தால், அது ஒவ்வொரு அதிர்விலும் கொஞ்சம் கொஞ்சமாக வளரும். கண்ணுக்குத் தெரியாது, சத்தமும் வராது. கடைசியில் ஒருநாள் கிருஷ்ணகிரி போகும் நான்குவழிச் சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் முறியும்.

லோயர் ஆர்ம் முறிந்தால் அந்தச் சக்கரம் நம் கட்டுப்பாட்டில் இருக்காது. ஸ்டியரிங் திருப்பினாலும் கார் திரும்பாது. பக்கத்தில் பைக்கில் போகிறவருக்கு, அந்தக் கார் மாடிஃபை செய்யப்பட்டது என்பதே தெரியாது.

விலை உயர்ந்த இரும்பு போட்டால்?

பலர் நினைப்பது இதுதான். "ஈஎன்-19 போடுறேன், குரோமோலி பைப் போடுறேன், உடையவே உடையாது." இங்கேதான் பலருக்கும் தெரியாத விஷயம் இருக்கிறது. வெல்டிங் செய்த இணைப்பின் சோர்வுத் தாங்குதிறன், இரும்பின் விலையைப் பொறுத்து உயர்வதில்லை. சாதாரண இரும்பில் போட்ட வெல்டிங்கும், அதிக வலுவுள்ள இரும்பில் போட்ட வெல்டிங்கும் மேற்கொண்டு எந்தச் சிகிச்சையும் செய்யாவிட்டால் சோர்வில் ஏறக்குறைய ஒன்றுதான். ஏனென்றால் விரிசல் தொடங்குவது வெல்டிங் ஓரத்தில்.

இன்னும் சொல்லப்போனால் ஈஎன்-19 போன்ற இரும்பை வெல்டிங் செய்வது கஷ்டம். முன்கூட்டியே சூடாக்காமல் வெல்டிங் வைத்தால், ஓரம் சட்டென்று குளிர்ந்து கண்ணாடி மாதிரி கடினமாகிவிடும். ஈரம் இழுத்த ராடு பயன்படுத்தினால் ஹைட்ரஜன் உள்ளே புகும். வெல்டிங் முடித்தபோது இல்லாத விரிசல், ஒன்றிரண்டு நாள் கழித்து உள்ளுக்குள் தோன்றும். அதற்குள் பெயிண்ட் அடித்து காரில் மாட்டியிருப்போம்.

கம்பெனி ஆர்ம்கள் பெரும்பாலும் அச்சில் அழுத்திய தகட்டிலோ, ஃபோர்ஜிங் செய்த இரும்பிலோ, வார்ப்பிலோ தயாராகின்றன. அவற்றிலும் சிலவற்றில் வெல்டிங் உண்டு. ஆனால் அது எந்த இடத்தில் வர வேண்டும், எவ்வளவு வெப்பத்தில் வைக்க வேண்டும் என்பதெல்லாம் சோதித்து முடிவானது.

"அளவு மாறினா என்ன ஆகும்?"

ஆர்மை ரெண்டு இன்ச் நீட்டுவதையே எடுத்துக்கொள்வோம். முன்சக்கர இழுவைக் காரில் கியர்பாக்ஸில் இருந்து சக்கரத்துக்குப் போகும் ஆக்ஸிலின் நீளம் மாறவில்லை. சக்கரம் மட்டும் வெளியே போய்விட்டது. பெரிய குழியில் சக்கரம் கீழே இறங்கும்போது, ஆக்ஸில் உள் ஜாயிண்ட்டில் இருந்து கழன்றுவர வாய்ப்பு உண்டு.

அடுத்தது ஸ்டியரிங். டை ராடும் லோயர் ஆர்மும் ஏறக்குறைய ஒரே வளைவில் ஏறி இறங்க வேண்டும். ஒன்றின் நீளமோ கோணமோ மட்டும் மாறினால், வேகத்தடையில் ஏறும்போது ஸ்டியரிங்கைத் தொடாமலே சக்கரம் தானாகத் திரும்பும். இது வீல் அலைன்மென்ட் இயந்திரத்தில் தெரியாது. ஏனென்றால் அங்கே கார் அசையாமல் நிற்கிறது.

ஸ்பிரிங்கை வெட்டினால்?

காரைத் தாழ்த்த மலிவான வழி என்று பலர் ஸ்பிரிங்கை வெட்டுகிறார்கள். வேலை செய்யும் 6 சுற்றில் ஒன்றரைச் சுற்றை வெட்டினால் மீதி நான்கரை. ஸ்பிரிங்கின் விறைப்பு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். ஷாக் அப்சார்பர் பழையதுதான். அதற்கு இந்த விறைப்பைக் கட்டுப்படுத்தத் தெரியாது. கேஸ் கட்டரால் வெட்டினால் இன்னும் மோசம். சூட்டில் ஸ்பிரிங்கின் பதம் போய்விடும். சக்கரம் முழுதாகக் கீழே தொங்கும்போது, நீளம் குறைந்த ஸ்பிரிங் அதன் இருக்கையை விட்டு நகரவும் கூடும்.

அப்போ கம்பெனிகள் எப்படித் தைரியமாக விற்கின்றன?

சோதனை. ஒரு பாகத்தைச் சோதனை மேடையில் கட்டி, அது முறியும்வரை லட்சக்கணக்கான முறை அசைக்கிறார்கள். பல மாதிரிகளை உடைத்துப் பார்த்த பிறகுதான் ஒன்று காருக்குப் போகிறது. இந்தியாவில் வாகனங்களைச் சோதித்துச் சான்று தரும் அமைப்புகள் உள்ளன. புனேவில் ஏஆர்ஏஐ இருக்கிறது. நம் தமிழ்நாட்டிலேயே சென்னை அருகே ஒரகடத்தில் ஜிஏஆர்சி இருக்கிறது.

பட்டறைக்காரரின் கைத்திறனைக் குறை சொல்வதற்கில்லை. அவர் செய்யும் பாகம் அளவில் கம்பெனி பாகத்தைவிடத் துல்லியமாகக்கூட இருக்கலாம். ஆனால் ஒரே ஒரு ஜோடி செய்து, அதையே காரில் மாட்டும்போது உடைத்துப் பார்க்க இன்னொரு ஜோடி இல்லை. பாகத்தைப் பட்டறையில் செய்யலாம். அது தாங்கும் என்ற ஆதாரத்தைப் பட்டறையில் செய்ய முடியாது. வித்தியாசம் இவ்வளவுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் பிரிவு 52, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களில் இருந்து ஆர்சி விவரங்கள் மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. கேரளாவில் இருந்து சென்ற வழக்கில், 2019 ஜனவரி 9 அன்று நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் அமர்வு இதை உறுதிசெய்தது. கேரள உயர் நீதிமன்றம் காட்டிய தளர்வை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம் தண்டனையையும் தெளிவாக்கியது.

* அனுமதி இல்லாத வகையில் பாகம் மாட்டி வாகனத்தை மாற்றும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இது பிரிவு 182ஏ, உட்பிரிவு 4.

* பாதுகாப்புக்கு முக்கியமானவை என அரசு அறிவித்த பாகங்களை விதிக்கு மாறாக விற்பவருக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது பாகம் ஒன்றுக்கு 1 லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஆகவே செய்து விற்கும் பட்டறைகளும் கவனிக்க வேண்டிய விஷயம் இது.

"ஜூஜுவாடியில செஞ்சு அத்திப்பள்ளி பக்கம் ஓட்டுனா?" என்று கேட்கலாம். இது மத்திய சட்டம். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றுதான்.

தேய்ந்த ஷாக் அப்சார்பரையோ ஆர்மையோ அதே அளவு, அதே தரமுள்ள பாகத்தால் மாற்றுவது பழுதுபார்ப்பு. அதை யாரும் தடுக்கவில்லை. வடிவமும் அளவும் மாறும்போதுதான் சிக்கல். சந்தேகம் இருந்தால் செலவு செய்யும் முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் எழுத்தில் கேட்பது நல்லது.

இன்னொன்றும் உண்டு. இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குச் சொல்லாமல் செய்த மாற்றம் விபத்துக்குக் காரணம் என்று தெரிந்தால், உங்கள் காருக்கான இழப்பீடு மறுக்கப்படலாம்.

வெளிநாட்டில் எப்படி?

ஜெர்மனியில் சஸ்பென்ஷனை மாற்ற வழி இருக்கிறது. விற்கப்படும் ஸ்பிரிங் கிட்டுடன் சோதனை அறிக்கை வரும். மாட்டிய பிறகு டியூவி போன்ற அமைப்பின் ஆய்வாளர் காரைப் பார்த்து ஒப்புதல் தருவார். அங்கேயும் ஆதாரம் இல்லாத பாகத்துக்கு இடமில்லை. நம் ஊரிலும் சிறு தயாரிப்பாளர்கள் எளிதாக அணுகக்கூடிய இப்படியொரு வழி வந்தால், ஓசூர் பட்டறைகளுக்கு அது புதிய தொழிலாகவே மாறலாம்.

ஆசையை எங்கே தீர்த்துக்கொள்வது?

பொதுச்சாலைக்கு வெளியே. கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டியிலும், பாஹா எஸ்ஏஇ இந்தியா போட்டியிலும் பொறியியல் மாணவர்கள் சஸ்பென்ஷன் ஆர்மைத் தாங்களே வடிவமைத்து, வெல்டிங் செய்து ஓட்டுகிறார்கள். ஆனால் ஓட்டும் முன் நடுவர்கள் வாகனத்தை அங்குலம் அங்குலமாகச் சோதிக்கிறார்கள். ஓட்டுநர் ஹெல்மெட்டும் பெல்ட்டும் போட்டிருப்பார். தவறு நடந்தாலும் எதிரே பள்ளிப் பேருந்து வராது.

ஏற்கெனவே மாற்றிய கார் வைத்திருக்கிறீர்களா?

பழைய கார் வாங்கியவர்களுக்கும் இது பொருந்தும். கீழே உள்ளவற்றை உடனே பாருங்கள்.

* வெல்டிங் ஓரத்தில் பெயிண்ட் கோடாகப் பிளந்திருக்கிறதா, அதில் துருக்கோடு வடிகிறதா?

* டயரின் உள் ஓரம் மட்டும் தேய்கிறதா?

* வேகத்தடையில் ஏறும்போது கார் ஒருபக்கம் இழுக்கிறதா?

* திரும்பும்போது 'டக்' என்ற சத்தம் வருகிறதா?

* திருகு மரை போட்ட ராட் எண்ட் இருக்கிறதா? அதன் மரை வளையும் விசையில் சிக்கினால் முறியும்.

ஒன்று இருந்தாலும் வேகமாக ஓட்ட வேண்டாம். பாகத்தைக் கழற்றி டை பெனட்ரன்ட் சோதனை செய்தால், கண்ணுக்குத் தெரியாத மேற்பரப்பு விரிசல் சிவப்புக் கோடாகத் தெரிந்துவிடும். ஓசூர் போன்ற தொழில் நகரத்தில் இதைச் செய்பவர்களைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. ஆனால் உள்ளே இருக்கும் விரிசலை இது காட்டாது. எனவே நிரந்தரத் தீர்வு, கம்பெனி அளவுள்ள பாகத்துக்குத் திரும்புவதுதான்.

அடுத்தமுறை "நாளைக்கு வாங்கிக்கோ" என்று பட்டறையில் சொன்னால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்ணா, இது எத்தனை லட்சம் குலுக்கல் தாங்கும்?" பதில் இல்லையென்றால், அந்த ஆர்ம் சாலைக்கு வர வேண்டாம்.