மழை விட்ட பிறகுதான் குளிர்

குடியரசு தினத்தோடு சனி, ஞாயிறும் சேர்ந்தால் போதும். ஊரிலிருந்து உறவினர்கள் தில்லிக்கு ரயில் ஏறிவிடுவார்கள். அச்சமயம் வானிலை அறிக்கையில் 'வெஸ்டர்ன் டிஸ்டர்பன்ஸ்' (இந்திச் செய்தியில் 'பச்சிமி விக்ஷோப்') என்று வந்தால் சற்றுக் கவனியுங்கள்.

மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகும் இந்தக் காற்றுச் சுழற்சி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக வந்து இமயமலையில் பனியையும் நமக்கு மழையையும் தருகிறது. மேகம் போர்வைபோல் மூடியிருப்பதால் அந்த இரவுகளில் குளிர் அவ்வளவாகத் தெரியாது. வானம் வெளுத்ததும் 'அப்பாடா' என்று ஸ்வெட்டரை மடித்து வைப்போம். அங்கேதான் ஏமாறுகிறோம்! மேகம் விலகினால் தரையின் சூடு இரவில் மேலே போய்விடும். பனிமலைப் பக்கமிருந்து வாடையும் வீசும். காற்று அடங்கும் இரவில் ஈரத்தரைமேல் மூடுபனி கவியும்.

நான் ரயில்வேயில் இருந்தபோது, சிக்னலுக்கு 270 மீட்டர் முன்னால் தண்டவாளத்தில் வெடி வைப்பார்கள். சக்கரம் ஏறி அது வெடித்தால், சிக்னல் நெருங்குகிறது என்று டிரைவருக்குத் தெரியும். இன்று ஜி.பி.எஸ். கருவி சொல்கிறது. இருந்தும் மூடுபனியில் மணிக்கு 75 கிலோமீட்டர்தான் உச்சம். ஜான்சிவரை நேரத்துக்கு வந்த சென்னை வண்டி, குவாலியர் தாண்டியதும் பின்தங்குவது இதனால்தான். மழை விட்ட மறுநாள் வருகிறவர்கள் கூடுதலாக ஒருவேளைச் சாப்பாடு கட்டிக்கொள்ளட்டும். கம்பளி பெட்டியின் அடியில் அல்ல, கைப்பையில் இருக்கட்டும்.

வந்த பெரியவர்கள் நடுங்குகிறார்களே என்று, கதவைச் சாத்திய அறையில் கரி அங்கீட்டி மட்டும் வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். ரஜாயும் வெந்நீர்ப் பையும் போதும்.