இலையில் ஒட்டும் ‘மின்தோல்’ சென்சார்: மணிலா விவசாயிக்கு என்ன பயன்?

மணிலா விதைத்து ஒரு மாதம் வரை கொல்லை பச்சைப்பசேலென்று இருக்கும். திடீரென அங்கங்கே இளம் இலைகளில் மஞ்சள் வளையப் புள்ளிகள் தோன்றும். குருத்து கருகி, செடி குட்டையாகி நின்றுவிடும். கண்டாச்சிபுரம் பகுதியில் மணிலா போடும் நீங்கள் இதைப் பார்த்திருக்கலாம். இதுதான் மொட்டுக்கருகல் நோய்.

இலைப்பேன் பரப்பும் வைரஸால் வருவது இது. வைரஸ் புகுந்த செடியைக் குணப்படுத்த மருந்து கிடையாது. அறிகுறி கண்ணில் படுவதற்குள் பக்கத்துச் செடிகளுக்கும் நோய் போயிருக்கலாம். எனவே முன்கூட்டியே தெரிந்துகொள்வதுதான் முக்கியம்.

சென்சார் என்ன செய்கிறது?

மனிதத் தோலில் ஒட்டி உடல்நிலையை அறியும் மெல்லிய சென்சார்களைப் போலவே, செடிக்கும் ஒன்றை அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கி, 2023-ல் வெளியிட்டனர். 30 மில்லிமீட்டர் நீளமுள்ள இந்தப் பட்டை இலையோடு சேர்ந்து வளையும். மின்சாரம் கடத்த, முடியைவிடப் பல மடங்கு மெல்லிய வெள்ளி இழைகள் இதில் உள்ளன.

இலைத்துளைகள் அதிகமுள்ள அடிப்பக்கத்தில் இதை ஒட்டுகிறார்கள். இலையின் வெப்பம், ஈரப்பதம், செடி வெளியிடும் வாயுக்கள் ஆகியவற்றை இது அளக்கும். நோயுற்ற செடியில் இவை மாறும். தக்காளியில், இலைப்பேன் பரப்பும் புள்ளி வாடல் வைரஸை, அறிகுறி தெரிவதற்கு ஒரு வாரத்துக்கும் மேல் முன்னதாக இது காட்டியது. மணிலாவின் மொட்டுக்கருகல் வைரஸும் அதே பேரினத்தைச் சேர்ந்தது.

ஆனால் அந்தச் சோதனை பசுமைக்குடிலில், கம்பி இணைப்புடன் நடந்தது. கம்பியில்லாமல் திறந்த வயலில் வேலை செய்தால்தான் நமக்குப் பயன்படும்.

இப்போது செய்ய வேண்டியவை

* செடி எண்ணிக்கை குறையாமல், இடைவெளி விடாமல் விதையுங்கள். கம்பு ஊடுபயிராகப் போடலாம்.
* வாரம் இருமுறை குருத்தை வெள்ளைத்தாள் மேல் தட்டிப் பாருங்கள். இலைப்பேன் இருந்தால் தாளில் ஊர்வது தெரியும்.
* விதைத்த 6 வாரங்கள் வரை, நோய் கண்ட செடியைப் பிடுங்கி அழித்துவிடுங்கள். இலைப்பேன் குஞ்சுப் பருவத்தில்தான் வைரஸை உறிஞ்சிக்கொள்கிறது. வளர்ந்த பூச்சி அதைப் பரப்புகிறது.
* மருந்து தெளிப்பது பூச்சியைக் கட்டுப்படுத்தத்தான். மருந்தையும் அளவையும் வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டு முடிவு செய்யுங்கள்.

பட்டை வயலுக்கு வரும்வரை, உங்கள் கண்ணும் ஒரு வெள்ளைத்தாளும்தான் சென்சார்.