பட்டியலை எழுதுவோர் யார்?
திறந்த மூல மென்பொருட் செயற்றிட்டங்களும் அம்பாறைக் கரையோரமும்

மென்பொருள் உற்பத்தி பற்றிய ஆய்வு நமது தமிழ்ச் சங்க ஏடுகளில் இடம்பெறுவது அரிது. அது பொறியியலாளரின் விடயம் என ஒதுக்கிவிடுவதே வழக்கம். ஆயின் மொழி இன்று எழுதப்படுவதும் தேடப்படுவதும் பேணப்படுவதும் பெரிதும் மென்பொருளின் வழியாகவே ஆதலின், அதனை ஆக்குவோரின் உழைப்பு யாருடைய தேவையை நோக்கித் திருப்பப்படுகின்றது என்னும் வினா மொழி, இலக்கிய மாணவர்க்கும் உரியதாகின்றது.

கூகுள் நிறுவனம் 2005இல் தொடங்கிய ‘சமர் ஒஃப் கோட்’ திட்டத்தை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். திறந்த மூல மென்பொருளை ஆக்கும் அமைப்புகள் தம்மிடம் செய்யப்படவேண்டிய வேலைகளை ஒரு பட்டியலாக வெளியிடும். விண்ணப்பதாரர் அவற்றுள் ஒன்றைத் தெரிந்து முன்மொழிவு எழுதுவர். தெரிவானோர் ஒரு வழிகாட்டியின் கீழ் நிரல் எழுதி, மதிப்பீடுகளில் தேறினால் உதவித்தொகை பெறுவர். 2022 வரை மாணவர்க்கு மட்டுமே திறந்திருந்த இத்திட்டம், அவ்வாண்டு முதல் பதினெட்டு வயது நிரம்பிய புதியவர் அனைவரையும் ஏற்கின்றது. உதவித்தொகை முன்னர் எல்லா நாட்டினர்க்கும் ஒன்றாயிருந்தது. 2017 முதல் நாட்டுக்கு நாடு வாங்குதிறனுக்கேற்ப வேறுபடுகின்றது. ஒரே நிரலை எழுதும் இருவரது உழைப்புக்கு அவர் வாழும் நாடு விலை குறிக்கின்றது என்பது அரசியற் பொருளாதார மாணவர் நின்று நோக்கவேண்டிய செய்தி. ஆக்கப்படும் நிரல் திறந்த உரிமத்தின்கீழ் எவர்க்கும் பயன்படுவதாகின்றது, மெய்தான். எனினும் எது ஆக்கப்படவேண்டும் எனத் தீர்மானிக்கும் அதிகாரம் அவ்வாறு பொதுவாகிவிடவில்லை. அவ்வதிகாரம் பட்டியலை எழுதுவோரிடமே உள்ளது.

இத்திட்டத்தின் முதற் பத்தாண்டுகளில் உலகிலேயே மிகுதியான மாணவரை அனுப்பியது மொறட்டுவைப் பல்கலைக்கழகம் ஆகும். பெருநிறுவனங்களின் வழங்கிகளை இயக்கும் அப்பாச்சித் திட்டங்களில் இலங்கை மாணவர் நற்பெயர் ஈட்டினர். ஆற்றல் இங்கு குறைவன்று. குறைவாக இருந்தது, இம்மண்ணின் தேவையைச் செயற்றிட்டமாக வகுத்துரைக்கும் முயற்சியே எனலாம்.

விலக்கு ஒன்றுண்டு, அது இக்கரையோரத்தோடு நேரடித் தொடர்புடையது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையில் இலங்கையில் மிகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது முதல் திருக்கோவில் வரையான கரையில் 10,000இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். காணாமற்போனோர், முகாம்கள், நிவாரண அமைப்புகள், தேவைகள் ஆகியவற்றைப் பதியக் கொழும்பிலிருந்த கணினித் தொண்டர்கள் சில வாரங்களில் ஆக்கிய மென்பொருளே ‘சஹன’. சிங்களத்தில் அதற்கு நிவாரணம் என்பது பொருள். லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷன் அதனைத் திறந்த மூல மென்பொருளாக வளர்த்தது. 2005இல் பாக்கிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010இல் ஹெய்ட்டியிலும் அது பயன்பட்டது. 2006இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயன் விருதையும் பெற்றது. பின்னர் அமெரிக்காவிற் பதிவுபெற்ற அமைப்பொன்றாகி, மேற்கூறிய கோடைத் திட்டத்தில் பல ஆண்டுகள் மாணவர்க்கு வழிகாட்டியது. இக்கரையின் சாவிலிருந்து பிறந்த கருவி உலகப் பட்டியலில் ஏறியது. அப்பட்டியலை எழுதும் கை மட்டும் இக்கரையினதாக இருக்கவில்லை.

இருந்திருப்பின் அதில் முதலிடம் பெற்றிருக்கவேண்டிய வேலை, பெயர்ப் பொருத்தம் ஆகும். முகாமொன்றில் ஒருவர் பெயர் ஆங்கில எழுத்திலும், மருத்துவமனையிற் சிங்கள எழுத்திலும், பள்ளிவாசற் பதிவிலே தமிழிலும் எழுதப்படுகின்றது. மூன்றும் ஒருவரே என்பதைக் கணினி அறியாவிடின், தாய் தேடும் பிள்ளை அடுத்த ஊர் முகாமில் இருந்தும் காணாமற்போனோர் பட்டியலிலேயே நிற்கும். இதற்கென உலகம் நெடுங்காலமாகக் கையாளும் ‘சவுண்டெக்ஸ்’ முறை 1918இல் அமெரிக்காவிற் காப்புரிமை பெற்றது. பெயரின் முதலெழுத்தை அப்படியே வைத்து, எஞ்சிய மெய்யொலிகளை மூன்று இலக்கங்களாகச் சுருக்குவது அதன் முறை. செல்லையா என்னும் பெயரை நம்மவர் ஆங்கிலத்தில் ‘எஸ்’ இட்டும் எழுதுவர், ‘சி-எச்’ இட்டும் எழுதுவர். முன்னையது எஸ்-400, பின்னையது சி-400. முதலெழுத்து மாறியதும் ஒருவர் இருவராகிவிடுகின்றார். ஹசன் அசனாகவும், ஹமீது அமீதாகவும், ஸைனப் செய்னம்புவாகவும் வழங்கும் கல்முனைப் பெயர்களில் இவ்விடர் இன்னும் கூடும். மறுதலையாக, முகம்மது என்பது ஆண்கள் பலரின் பெயருக்கு முன் வருவதால் அது பொருந்துவதனால் எதுவும் துணிய இயலாது. பொருத்தத்தின் எடை பின்வரும் பெயருக்கே தரப்படவேண்டும்.

குடும்பப் பெயர், முதற்பெயர் எனப் பகுக்கும் மேலைநாட்டுப் படிவமும் இங்கு பொருந்தாது. திருக்கோவில், தம்பிலுவில் மக்களிடம் தந்தை பெயரே முன்னெழுத்தாகும். மணமான பெண்ணுக்குக் கணவன் பெயர் அவ்விடத்தைப் பெறுவதும் உண்டு. ஒரே பெயருடையோரை ஊரார் வேறுபடுத்துவது பட்டப்பெயராலும் தாய்வழிக் குடியாலும் ஆகும். தமிழர், முஸ்லிம்கள் இருசாராரிடமும் குடிமுறை நிலவும் இக்கரையில், எந்தக் குடி என வினவும் கட்டம் படிவத்தில் இருப்பது பழைமை பேணலன்று, ஆளை அடையாளங்காணும் வழி. (சாதிப் படிநிலையைக் கணினியில் ஏற்றிவிடும் ஆபத்தும் அதில் உண்டு. ஆதலின் அது விரும்பினால் நிரப்பும் கட்டமாக மட்டுமே அமையவேண்டும் என்பது என் கருத்து.)

எழுத்துக் குறியேற்றத்திலும் ஒரு சிக்கலுண்டு. ‘கொ’ என்பதன் ஒகரக் குறியை யுனிகோட்டில் ஒரே குறியாகவும் எழுதலாம், எகரக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றே, இயல்பாக்கம் செய்யாத தேடலுக்கோ வேறு வேறு. பாமினி எழுத்துருவில் தட்டச்சான பழைய பட்டியல்களை முதலில் யுனிகோட்டுக்கு மாற்றவும் வேண்டும். ஒரு கோடையில் ஒரு மாணவர் செய்து முடிக்கத்தக்க அளவு இவ்வளவே: மூன்று எழுத்து முறைகளையும் ஓர் ஒலிநிலைக்குக் கொணரும் விதிகள், பொருத்த மதிப்பெண், பரிசோதனைப் பெயர்த்தொகுப்பு.

வேறு எண்ணங்களும் உள. 2005இல் தொடங்கிய நூலகம் மின்னூலகத்திற் படிமங்களாக உள்ள ஈழத்துப் பழம் பதிப்புகளுள், 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்திய ‘ணை’, ‘றா’ முதலியவற்றின் பழைய வடிவங்களை எழுத்துணரி படிக்குமாறு பயிற்றுவது ஒன்று. அரபுத்தமிழ் நூல்களைத் தமிழெழுத்துக்குப் பெயர்ப்பது மற்றொன்று. பிழைதிருத்திகளின் சொற்பட்டியலை இக்கரையின் பேச்சால் விரிப்பது மூன்றாவது. வட்டை, போடியார், முல்லைக்காரர், மறுகா, பெத்தா, ராத்தா ஆகிய சொற்களைப் பிழையெனச் சிவப்புக் கோடிடும் கருவி, வயலில் உழைப்போரின் மொழியையே பிழையென்கின்றது. அகராதிக்கு வர்க்கச் சார்பு உண்டு என நாம் வகுப்பறையிற் கூறுவதற்கு இதனிலும் எளிய எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

தமிழ்ச் சங்கமொன்று தானே வழிகாட்டும் அமைப்பாதல் கடினம். இயங்கும் மென்பொருள் ஒன்று அதனிடம் இருக்கவேண்டும். எனினும் 2013இல் கேரளத்தின் சுவதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழு அத்தகைய அமைப்பாக ஏற்கப்பட்டது. மொழிக்கெனக் கூடிய தொண்டர்களால் அது இயன்றது. நாம் தொடக்கத்தில் ஏற்கெனவே உள்ள அமைப்புகளின் பட்டியலில் நமது எண்ணத்தைச் சேர்க்குமாறு கோரலாம். இங்கு ஒன்றை மறைத்தல் ஆகாது. அக்கோடைத் திட்டம் நிரல் எழுதுவதற்கே பணம் தருகின்றது. பெயர்களைத் தொகுத்து, ஒலித்திரிபுகளை வகைப்படுத்தும் மொழியியல் மாணவியின் வேலைக்கு அதில் இடமில்லை. அவ்வுழைப்பின்றி நிரல் வெறுங்கூடு. ஆயினும் அது கூலியற்ற உழைப்பாகவே கிடக்கும். ஆகவே அவ்வேலையை ஆய்வேட்டுப் பணியாகப் பல்கலைக்கழகம் ஏற்று மதிப்பெண் வழங்குமாறு நாம் கேட்கவேண்டும். கல்முனைக்கும் திருக்கோவிலுக்கும் இடையே ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கின்றது. கலைப் பீடமும் தொழில்நுட்பப் பீடமும் ஒரே வளாகத்தில் உள்ளன. அமைப்புகள் ஆண்டுத் தொடக்கத்திலும் மாணவர் அதன்பின்னர் பங்குனி, சித்திரை அளவிலும் விண்ணப்பிப்பதே வழக்கமாதலால், பெயர்த்தொகுப்பு மார்கழிக்குள் முடிந்திருத்தல் வேண்டும்.