குற்றவாளியின் மனமும் சிகிச்சையின் வழியும்



பாலியல் குற்றம் புரிந்தவனைப் "பிறவிக் கொடியன்" என்பார் சிலர்; "இளமையில் பட்ட துன்பமே காரணம்" என்பார் வேறு சிலர். இவ்விரண்டுமே முழு உண்மையாகா.

கனடா நாட்டு உளநூலறிஞர் வில்லியம் மார்ஷல் 1989ஆம் ஆண்டில் ஒரு கருத்தை வெளியிட்டார். குழந்தைப் பருவத்தில் பெற்றோரின் பரிவும் பாதுகாப்பும் கிட்டாதவர்களுள் சிலர், வளர்ந்த பின்னர்ப் பிறரோடு நெருங்கிப் பழகும் திறனின்றித் தனிமையில் வாடுகின்றனர். அன்பினால் பெறவேண்டிய நெருக்கத்தை அவர்கள் காமத்தின் வழியாகவே தேட முற்படக்கூடும். 'இதனால் எவருக்கும் தீங்கில்லை' என்று தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்ளும் எண்ணமும் சேருமாயின், தடுத்து நிறுத்தவேண்டிய மனச்சான்று மழுங்கிவிடுகிறது.

எனினும், இளமையில் கொடுமைக்கு ஆளானோருள் மிகப் பெரும்பாலோர் இத்தகைய குற்றம் எதுவும் புரிவதில்லை. ஆதலின் இளமைத் துன்பம் ஓரளவு விளக்கமாகலாம், ஒருபோதும் சமாதானமாகாது.

அங்ஙனமாயின், சிகிச்சை எதனை நாட வேண்டும்? இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளில் கைதிகளைக் குழுவாக அமர்த்திப் பயிற்றும் முறையொன்று பல்லாண்டுகள் நடைபெற்றது. 2017இல் வெளியான அரசாங்க ஆய்வோ திகைப்பூட்டியது. சராசரியாக எட்டு ஆண்டுகளில், பயிற்சி பெற்றோருள் 100க்கு 10 பேரும், பெறாதோருள் 100க்கு 8 பேரும் மீண்டும் பாலியல் குற்றம் புரிந்திருந்தனர். அம்முறை கைவிடப்பட்டது.

ஆயின் சிகிச்சையே வீண் என்று கொள்ளலாமா? கார்ல் ஹான்சனும் அவர்தம் குழுவினரும் 23 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, 2009இல் முடிவை வெளியிட்டனர். சிகிச்சை பெற்றோருள் 100க்கு ஏறத்தாழ 11 பேரும், பெறாதோருள் 19 பேரும் மீண்டும் பாலியல் குற்றம் புரிந்தனர். அபாயம் மிகுந்தோர்க்கு மிகுதியான சிகிச்சை, குற்றத்தைத் தூண்டும் இன்றைய காரணங்களில் கருத்து, அவரவர் இயல்புக்கேற்ற பயிற்சி ஆகிய மூன்றையும் தழுவிய முறைகளே சிறந்த பயன் அளித்தன.

கடந்த இளமையை எவராலும் மாற்ற இயலாது. தன்னடக்கமின்மை, தனிமை, பொய்யான எண்ணம் ஆகியவற்றை மாற்ற முயலலாம். இம்முயற்சி தண்டனைக்கு ஈடன்று. குற்றவாளிக்குக் காட்டும் சலுகையுமன்று. இன்னொரு குழந்தை, இன்னொரு பெண் துன்புறாமற் காப்பதே இதன் நோக்கமாகும்.