கோலப் புள்ளியும் விளையாட்டுத் திரையும்: கணினி வரைகலையின் கணிதம்

“சைனும் கொசைனும் படித்து என்ன பயன்?” கணித வகுப்பில் இக்கேள்வியைக் கேட்காத மாணவர் குறைவு, கேட்கப்பட்டபோது சற்றுத் தயங்காத ஆசிரியரும் குறைவு. அதே மாணவர் அன்று மாலை கணினி விளையாட்டில் ஒரு வீரனை இடப்பக்கம் திருப்புகிறார். அந்தத் திருப்பத்தை நிகழ்த்துபவை சைனும் கொசைனுமே. அவர் வெறுத்த பாடம் அவர் விரும்பும் திரைக்குள் இயங்கிக்கொண்டிருக்கிறது. அக்கணக்கைத் தமிழிலேயே விளக்கிப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். எடுத்துக்காட்டுகளை நாம் அன்றாடம் நடக்கும் லிட்டில் இந்தியாவிலிருந்தே எடுத்துக்கொள்வோம்.

பொங்கல் நாளில் கோலமிடுபவர் முதலில் புள்ளி வைக்கிறார். நடுப்புள்ளியைத் தொடக்கமாகக் கொண்டால், மற்ற ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு எண்களால் முகவரி தரலாம். வலப்பக்கம் மூன்று, மேல்நோக்கி ஒன்று என்றால் அதன் முகவரி (3, 1). இதனையே கணிதம் ஆயத்தொலைவு என்கிறது. இனி, கோலத்தின் கால் பங்கை மட்டும் வரைந்துவிட்டு, அதனை மும்முறை திருப்பினால் முழுக்கோலமும் கிடைத்துவிடும் என்று கொள்வோம். ஒவ்வொரு திருப்பமும் 90 பாகை. திருப்பும்போது நம் புள்ளி (3, 1) முதலில் (-1, 3) ஆகிறது; பிறகு (-3, -1); பிறகு (1, -3). நான்காம் முறை தொடங்கிய இடத்திற்கே வந்துவிடுகிறது. விதி எளியது: இரண்டு எண்களையும் இடம் மாற்றி, முதலில் வருவதன் குறியை மாற்றவேண்டும். கோலமிடும் கை இவ்விதியை எழுதிவைத்துக்கொண்டு இயங்குவதில்லை. ஆயினும் கை செய்வதை விதியாக எழுத முடியும் என்பதே நமக்கு முக்கியம்.

அவ்வாறு எழுதிக் காட்டியவர்கள் உண்டு. சென்னையை அடுத்த தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோரும் கமலா கிருத்திவாசனும் கோலங்களை ஆராய்ந்தனர். சொற்களைச் சேர்த்து வாக்கியம் அமைக்க இலக்கணம் இருப்பதுபோல, சிறு வடிவங்களைச் சேர்த்துக் கோலம் அமைக்கவும் இலக்கணம் வகுக்கலாம் என்று அவர்கள் காட்டினர். அந்த ஆய்வுக் கட்டுரை 1974ஆம் ஆண்டு, கணினி வரைகலைக்கென நடத்தப்பட்ட அனைத்துலக ஆய்விதழில் வெளிவந்தது. செடி வளர்வதை விளக்க அரிஸ்டிட் லிண்டன்மேயர் 1968இல் வகுத்த விதிமுறையைக் கொண்டு, 1980களில் ஆய்வாளர்கள் கணினித் திரையில் செடிகளையும் கோலங்களையும் வரைந்தனர். விளையாட்டுகளில் தோன்றும் காடுகளின் மரங்களை உருவாக்க இவ்வகை விதிகள் இன்றும் பயன்படுகின்றன.

மீண்டும் திருப்பத்திற்கு வருவோம். விளையாட்டு வீரன் 90 பாகையில் மட்டும் திரும்புவதில்லை. 10 பாகையும் திரும்புவான், 37 பாகையும் திரும்புவான். எந்தக் கோணத்திற்கும் பொருந்தும் விதி இது: புதிய முதல் எண்ணைப் பெற, பழைய முதல் எண்ணைக் கொசைனால் பெருக்கி, அதிலிருந்து பழைய இரண்டாம் எண்ணையும் சைனையும் பெருக்கியதைக் கழிக்கவேண்டும். புதிய இரண்டாம் எண்ணைப் பெற, பழைய முதல் எண்ணைச் சைனாலும் பழைய இரண்டாம் எண்ணைக் கொசைனாலும் பெருக்கிக் கூட்டவேண்டும். 90 பாகைக்குக் கொசைன் 0, சைன் 1. அவற்றை இட்டுப் பார்த்தால் கோலத்தில் கண்ட விதியே திரும்ப வருகிறது. இந்த நான்கு பெருக்கெண்களையும் இரண்டு வரிசைகளில் கட்டமாக எழுதிவைப்பதே அணி.

வீரன் திரும்புவதோடு நடக்கவும் வேண்டும். திருப்பம் பெருக்கல், நகர்வு கூட்டல். இரு வேறு வேலைகளை மாறி மாறிச் செய்வது இடர்ப்பாடு. ஒவ்வொரு முகவரியின் இறுதியிலும் 1 என்ற எண்ணைக் கூடுதலாகச் சேர்த்துவிட்டால், நகர்வையும் அணிப் பெருக்கலாகவே செய்துவிடலாம். நீளம், அகலம், உயரம் என மூன்று எண்கள் கொண்ட முப்பரிமாண முகவரி இதனால் நான்கு எண்கள் கொண்டதாகிறது. அதனைக் கையாளும் அணியில் 16 எண்கள் இருக்கும். திருப்பு, பெரிதாக்கு, நகர்த்து என்னும் கட்டளைகள் அனைத்தையும் பெருக்கி, அந்த ஒரே அணிக்குள் அடக்கிவிடலாம்.

முப்பரிமாண உலகைத் தட்டையான திரையில் காட்டுவது எப்படி? இதற்கு நம் கடைவீடுகளின் ஐந்தடிப் பாதையில் சற்று நின்று பார்ப்போம். 1822ஆம் ஆண்டு ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்திலிருந்து வந்த மரபு அது. தூண்கள் ஒரே உயரத்தில் சீரான இடைவெளியில் நிற்கின்றன. நம் கண்ணுக்கோ அவை போகப்போகக் குறுகி நெருங்குகின்றன. தூணின் உயரம் 3 மீட்டர் என்றும் நான்கு மீட்டருக்கு ஒரு தூண் என்றும் கொள்வோம். கண்ணுக்கு முன்னால் ஒரு மீட்டர் தள்ளி ஒரு கண்ணாடி இருப்பதாகவும் கொள்வோம். நான்கு மீட்டர் தொலைவிலுள்ள முதல் தூண் கண்ணாடியில் 75 சென்டிமீட்டர் உயரமாகத் தெரியும். எட்டு மீட்டரில் உள்ளது 37.5 சென்டிமீட்டர், பன்னிரண்டு மீட்டரில் உள்ளது 25 சென்டிமீட்டர். செய்த கணக்கு ஒன்றே: உயரத்தைத் தொலைவால் வகுத்தோம். வடிவொத்த முக்கோணங்கள் என்று உயர்நிலைப் பள்ளியில் படிப்பது இதுதான். விளையாட்டின் திரையே அந்தக் கண்ணாடி.

வடிவம் கிடைத்துவிட்டது, ஒளி வேண்டும். கெர்பாவ் சாலையில் 1900ஆம் ஆண்டு கட்டப்பட்ட டான் டெங் நியா இல்லம் பல வண்ணங்களுக்குப் பெயர்பெற்றது. ஒரே நிறம் பூசிய இரு பரப்புகள்கூட வெயிலில் வெவ்வேறாகத் தெரிவதை அங்கே காணலாம். கதிரவனை நேராகப் பார்க்கும் பரப்பு முழு ஒளி பெறுகிறது. 60 பாகை சாய்ந்த பரப்பு பாதி ஒளியே பெறுகிறது. ஏனெனில் 60 பாகையின் கொசைன் 0.5. யோகான் லாம்பர்ட் 1760இல் வெளியிட்ட விதி இது. ஓர் அலகு நீளமுள்ள இரு திசையன்களின் எண்களை இணை இணையாகப் பெருக்கிக் கூட்டினால், கோணத்தை அளக்காமலேயே அந்தக் கொசைன் கிடைத்துவிடும். இதற்குப் புள்ளிப் பெருக்கம் என்று பெயர்.

நெடுக்கில் 1,920, உயரத்தில் 1,080 படப்புள்ளிகள் கொண்ட திரையில் மொத்தம் 20,73,600 புள்ளிகள். நொடிக்கு 60 முறை படம் மாறினால், நொடிதோறும் 12 கோடிக்கும் மேற்பட்ட முறை நிறம் கணிக்கப்படவேண்டும். இதற்கென உருவானதே வரைகலைச் செயலி. அதன் வேகம் வியப்பூட்டுவது. ஆனால் அது செய்யும் ஒவ்வொரு கணக்கும் பெரும்பாலும் பெருக்கலும் கூட்டலும்தான்.

சிங்கப்பூரில் இது எட்டாத துறையன்று. டிஜிபென் தொழில்நுட்பக் கல்விக்கழகம் 2008இல் இங்கே தன் கிளையைத் தொடங்கியது. யூபிசாஃப்ட் நிறுவனத்தின் சிங்கப்பூர்க் கூடமும் அதே ஆண்டு பிறந்தது. ‘அசாசின்ஸ் கிரீட்’ விளையாட்டுகளின் கடற்பகுதிகளில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. திரையில் கடல் அலையை எழுப்பும் அடிப்படை வழிகளுள் ஒன்று, பல சைன் அலைகளைக் கூட்டுவது. மாணவரின் கேள்விக்கு இதுவும் ஒரு விடை.

இங்கே நம் மொழிக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது. நம் மாணவர்கள் கணிதத்தை ஆங்கிலத்தில் கற்கின்றனர், அதில் குறையொன்றுமில்லை. ஆனால் பண்டிகையைப் பற்றித் தமிழில் பேசும் பிள்ளை, தான் உருவாக்கிய விளையாட்டைப் பற்றிப் பேசவேண்டியபோது தமிழைக் கைவிடுமானால், தமிழ் விழாநாள் மொழியாகச் சுருங்கிவிடும். இணையம் வந்தபோது நம்மவர்கள் அப்படிச் சுருங்க விடவில்லை. 1995இல் சிங்கப்பூரின் நான்மொழிக் கவிதைகள் இணையத்தில் ஏறியபோது, நா. கோவிந்தசாமியின் உழைப்பால் தமிழும் உடன் ஏறியது. 1997இல் தமிழ் இணைய மாநாடு இங்கே நடைபெற்றது. இன்றைய தேவை அதைவிட எளியது. அணி, திசையன், ஆயத்தொலைவு ஆகிய சொற்கள் ஏற்கெனவே உள்ளன. அவற்றைப் பேசும் வாய்களே வேண்டும்.

ஆசிரியர்கள் ஒரு பயிற்சியிலிருந்து தொடங்கலாம். கட்டத்தாளில் கால் பங்குக் கோலத்தை வரையச் செய்து, புள்ளிகளின் முகவரிகளை எழுதச் சொல்லுங்கள். எண்களை மட்டும் கொண்டு மற்ற மூன்று பங்குகளையும் நிரப்பச் சொல்லுங்கள். பிறகு, செய்தது என்னவென்று பக்கத்து மாணவருக்குத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். முதல் முறை சொற்கள் தடுமாறும். அடுத்தவர் மீண்டும் கேட்டு, அவர் மீண்டும் விளக்கும்போது, கணிதமும் தமிழும் ஒருசேர அவருக்குத் தெளிவாகும்.