கம்பனி என்ன செய்யும்?

தமிழ்ப் பண்டிதனுக்கும் வணிக ஆங்கிலத்துக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் வியக்கக்கூடும். கீழைத்தேய மொழிக் கல்லூரியொன்றிற் பயின்று, இளமை முழுவதையும் நன்னூலோடும் தொல்காப்பியத்தோடும் கழித்து, இரத்தோட்டைப் பகுதிப் பாடசாலைகளில் முப்பது ஆண்டுகளாக எழுவாய் பயனிலை சொல்லிக்கொடுத்து வரும் எனக்கே அந்த வியப்பு இருந்தது. வணிக ஆங்கிலம் என்பது கழுத்துப்பட்டி அணிந்தவர்களின் மொழி, நமக்கு அதனால் ஆவதொன்றுமில்லை என்றே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் பிழையென்று எனக்கு உணர்த்தியவள் என் பழைய மாணவி ஒருத்தி.

மாத்தளையிலிருந்து நக்கிள்ஸ் மலைத்தொடரை நோக்கி ஏறும் வீதியில் உள்ளது எங்கள் ஊர். மேலே போகப் போகத் தேயிலை. கீழே வீட்டுத் தோட்டங்களில் மிளகும் கராம்பும் சாதிக்காயும். தோட்டத்து லயத்திற் பிறந்து, வர்த்தகப் பிரிவில் உயர்தரம் சித்தியடைந்த அம்மாணவி, வாசனைத் திரவியங்களை வாங்கி விற்கும் ஒரு சிறு கம்பனியிற் கணக்கெழுதி வந்தாள். கொழும்பிலே பெரியதோர் ஏற்றுமதிக் கம்பனியில் வேலைக்கு விண்ணப்பித்து, நேர்முகப் பரீட்சைக்குப் போய், வாடிய முகத்தோடு திரும்பியிருந்தாள். அங்கே அவளிடம் முதலிற் கேட்கப்பட்ட கேள்வி, அவள் அப்போது வேலை செய்துவந்த கம்பனி என்ன செய்கிறது என்பதுதான். கேள்வி ஆங்கிலத்தில், விடையும் ஆங்கிலத்தில் வேண்டும். அவளுக்கு வாய் எழவில்லை.

"அங்க நடக்கிற எல்லாமே எனக்குத் தெரியும், சேர். எத்தனை மூட்டை வந்திச்சு, எத்தனை போச்சு, எல்லாம் நான்தான் எழுதுறேன். கேட்டவுடனே ஒண்டுமே வரல்ல" என்றாள்.

"ஆங்கில ஆசிரியரிடம் போயிருக்கலாமே, பிள்ளை?"

"போனேன், சேர். பாடமாக்கச் சொல்லி ஒரு தாள் தந்தாங்க. பாடமாக்கினேன். ஆனா அது வேற ஏதோ கம்பனி மாதிரி இருந்திச்சு."

தாளை வாங்கிப் பார்த்தேன். முன்னணி நிறுவனம், உலகத் தரம், வாடிக்கையாளர் திருப்தி என்று பொருள்படும் சொற்கள் நிறைந்திருந்தன. மிளகு என்ற சொல் அதில் எங்குமே இல்லை.

"சரி, அதை விடு. உன் கம்பனி என்ன செய்கிறது என்று தமிழிற் சொல்லு" என்றேன்.

அவள் சற்று யோசித்தாள். "மிளகு வேலை, சேர்" என்றாள். அதற்கு மேல் தமிழிலும் வரவில்லை.

அப்போதுதான் எனக்கு ஓர் உண்மை விளங்கிற்று. அவளிடம் இல்லாதது ஆங்கிலம் மாத்திரம் அன்று. தான் வேலை செய்யும் இடத்தைச் சற்று எட்ட நின்று முழுமையாகப் பார்க்கும் பார்வையும் அவளுக்கு வாய்க்கவில்லை.

அறிந்த பெயர், அறியாத பொருள்

இது அவள் குற்றமன்று. கம்பனி என்ற சொல்லோடு மலையகத் தமிழருக்கு உள்ள பழக்கம் மிகப் பழையது. 1600ஆம் ஆண்டின் இறுதி நாளில் இலண்டனிற் சாசனம் பெற்ற கிழக்கிந்தியக் கம்பனியைத் தமிழ் மக்கள் கும்பினி என்றே வழங்கினர். புதுச்சேரியில் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை காலத்தில் பிரெஞ்சுக்காரருக்கும் ஒரு கும்பினி இருந்தது. வணிகத்துக்கென்று வந்து அரசாட்சியில் அமர்ந்த கும்பினியை நம்மவர் அதிகாரத்தின் பெயராகவே அறிந்தனர். அது செய்யும் தொழிலின் பெயராக அறிந்தவர் சிலரே.

இலங்கையிலும் அப்படியே. 1869இல் கோப்பிச் செடியின் இலைகளில் நோய் தோன்றி, அப்பயிர் அழிந்துபோன பின்னர் தேயிலை பரவிற்று. தேயிலைக்குத் தொழிற்சாலையும் பெருமுதலும் வேண்டியிருந்தமையால், தனித் துரைமாரின் தோட்டங்கள் படிப்படியாகக் கம்பனிகளின் கைக்கு மாறின. இலண்டனிற் பதிவு செய்யப்பட்டவை ஸ்டேர்லிங் கம்பனிகள். கொழும்பிற் பதிவு செய்யப்பட்டவை ரூபாய்க் கம்பனிகள். 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டத்துக்கு 1975இல் வந்த திருத்தத்தினால் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 முதல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் புதிய பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது.

இத்தனை மாற்றங்களும் என் பாட்டியின் தலைக்கு மேலே நடந்தன. அவர் அறிந்தவர்கள் கங்காணி, கணக்கப்பிள்ளை, துரை ஆகியோரே. கம்பனியின் பெயர் தேயிலைப் பெட்டியின் பலகையிலே ஆங்கிலத்தில் இருந்தது. பெட்டியை நிரப்பிய கொழுந்தைப் பறித்தவருக்கு அதன் மேல் எழுதியிருந்தது தெரியாது. கம்பனி என்ன செய்கிறது என்று எடுத்துச் சொல்லும் உரிமை எப்போதும் வேறு யாருக்கோ இருந்தது. ஆதலின் அம்மாணவி திகைத்ததில் வியப்பில்லை. மூன்று தலைமுறையாக யாரும் எங்களிடம் கேட்காத கேள்வி அது.

தொல்காப்பியம் காட்டிய வழி

மாத்தளையிற் பழைய புத்தகக் கடையொன்றில் வணிக ஆங்கிலப் பயிற்சி நூல் ஒன்றை வாங்கிவந்தேன். சனிக்கிழமை மாலைகளில் இருவரும் உட்கார்ந்து படித்தோம். என் ஆங்கிலம் அவளுடையதைவிடச் சிறந்ததன்று. எனினும் இலக்கணம் அறிந்தவனுக்கு எந்த மொழியும் முற்றிலும் அந்நியமன்று என்பதை அந்த வயதிற் கண்டு மகிழ்ந்தேன்.

முதலில் வந்தது காலத்தைப் பற்றிய ஐயம். கம்பனி இப்போது செய்துகொண்டிருப்பதைச் சொல்ல ஒரு வடிவம். வழக்கமாகச் செய்து வருவதைச் சொல்ல வேறொரு வடிவம். ஒரு கம்பனியின் தொழிலைச் சொல்லும்போது இரண்டாவதையே ஆள வேண்டும் என்கிறது அந்நூல். மாணவி இரண்டையும் கலந்து எழுதினாள். நான் தொல்காப்பியத்தை நினைத்தேன். மூன்று காலத்திலும் மாறாத இயல்புடையவற்றைச் 'செய்யும்' என்னும் நிகழ்கால வாய்பாட்டாற் சொல்க என்கிறது அதன் வினையியல்.

"ரிவர்ஸ்டனில் காற்று வீசும் என்கிறோம். இன்றைக்கு மட்டுமா வீசும்?"

"இல்ல, சேர். எப்பவும் வீசும்."

"உன் கம்பனி மிளகு வாங்கும். அதுவும் அப்படித்தான்."

அதன்பின் அவள் அதிற் பிழைவிடவில்லை.

அடுத்த ஐயம் திணை. கம்பனி ஒன்றா, பலரா? பயனிலையை ஒருமையில் முடிப்பதே பொது வழக்கு. பிரித்தானிய ஆங்கிலத்திற் சில வேளை பன்மையும் வரும். நமக்கு இது புதிதன்று. குழு, அரசு, உலகம் முதலிய சொற்கள் மக்களைக் குறித்து நின்றாலும் அஃறிணை முடிபு கொள்ளும் என்று தொல்காப்பியர் எப்போதோ சொல்லிவிட்டார். பலர் சேர்ந்தாலும் பெயர் ஒன்று, வினை ஒன்று. கம்பனி என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீனில் ஒன்றாக அப்பம் உண்போர் என்ற பொருள் தருவது. அஃதாவது ஒரே பந்தியில் இருப்போர். இதைச் சொன்னபோது அவள் சிரித்தாள். ஏன் சிரித்தாள் என்பது பின்னரே எனக்குப் புலப்பட்டது.

கம்பனியின் பெயருக்குப் பின்னே வரும் 'லிமிட்டெட்' என்ற சொல்லையும் கேட்டாள். சிறிய கம்பனி என்பது அதன் பொருள் என்று எண்ணியிருந்தாளாம். தமிழில் வரையறுக்கப்பட்ட என்று எழுதுகிறோம். எது வரையறுக்கப்பட்டது என்று எண்ணுவதில்லை. கம்பனி கடன்பட்டு வீழ்ந்தால், பங்குதாரர் தம் பங்குக்குக் கொடுத்த தொகையையும் கொடுக்க வேண்டிய மிகுதியையும் இழப்பாரேயன்றி, அவர் வீட்டையும் காணியையும் கடன்காரர் தொட முடியாது. அந்தப் பொறுப்புக்கு இட்ட வேலியே லிமிட்டெட்.

வினைச்சொல்லின் நேர்மை

பின்னர் வினைச்சொற்களுக்கு வந்தோம். பாடத்தின் உயிர்நிலை இதுவே. தன் கம்பனி மிளகை 'ப்ரொடியூஸ்' செய்கிறது, அஃதாவது உற்பத்தி செய்கிறது என்று எழுதியிருந்தாள்.

"மிளகை விளைவிப்பது யார், பிள்ளை?"

"சுத்தியிருக்கிற தோட்டக்காரங்க, சேர்."

"அப்படியானால் உற்பத்தி அவர்களுடையது. கம்பனி என்ன செய்கிறது?"

அவள் விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள். பச்சை மிளகை வாங்கும். கறுக்கும்வரை உலர்த்தும். சுளகிற் புடைத்துச் சக்கையை நீக்கும். தரம் பிரிக்கும். பொதி செய்யும். கொழும்பிலுள்ள ஏற்றுமதியாளருக்குக் கொடுக்கும். முன்பு 'மிளகு வேலை' என்ற இரண்டு சொல்லில் அடங்கிக் கிடந்தது இப்போது ஆறு வினைகளாக விரிந்தது. ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலச் சொல் தேடினோம். உலர்த்தல் முதல் தரம் பிரித்தல் வரை எல்லாவற்றையும் தழுவிய 'ப்ராசஸ்' என்ற சொல் அகப்பட்டது. கொடுத்தலுக்குச் 'சப்ளை'. பொருளை முன்னே சொன்னால் பெறுபவருக்கு 'டு' வரும். பெறுபவரை முன்னே சொன்னால் பொருளுக்கு 'வித்' வரும். முதலாவது நம் நான்காம் வேற்றுமைக் கு உருபின் வேலையையே செய்கிறது என்றேன், உடனே பிடித்துக்கொண்டாள்.

தாளில் இருந்த முன்னணி, உலகத் தரம் ஆகிய சொற்களை என்ன செய்வது? வணிகர் தம்மைப் புகழ்வது நேற்றுத் தோன்றிய வழக்கமன்று. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் கணத்தாரின் தமிழ்ச் சாசனம் ஒன்று சுமாத்திராவில் உண்டு. அதன் ஆண்டு 1088. நம் நாட்டில் வாகல்கடையிலும் பதவியாவிலும் அவர்களுடைய சாசனங்கள் கிடைத்துள்ளன. கர்நாடகத்திலுள்ள 1055ஆம் ஆண்டுக் கல்வெட்டொன்று அவர்களின் வீரத்தையும் பெருமையையும் வானளாவப் புகழ்கிறது. ஆயினும் புகழோடு அது நிற்கவில்லை. சேர சோழ பாண்டிய நாடுகள் முதல் நேபாளம் வரை அவர்கள் சென்ற தேசங்களையும், யானை, குதிரை, முத்து, ஏலம், கராம்பு, சந்தனம், கற்பூரம் என்று அவர்கள் கொண்டு சென்ற பண்டங்களையும் பெயர் பெயராக அடுக்குகிறது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு கழித்து அதைப் படிப்பவருக்கு அக்கணத்தார் என்ன செய்தனர் என்பது தெளிவாக விளங்குகிறது. புகழ்ச்சியை நீக்கிவிட்டாலும் செய்தி எஞ்சி நிற்கும். என் மாணவியின் தாளிற் புகழ்ச்சியை நீக்கினால் எஞ்ச ஒன்றுமில்லை. ஆகவே அதை மடித்து வைத்துவிட்டோம்.

இறுதி வாக்கியம் 'எம்ப்ளோய்' என்ற வினையைக் கொண்டது. கம்பனி எத்தனை பேருக்கு வேலை கொடுக்கிறது? 14 என்று எழுதினாள்.

"உலர்ந்த மிளகைப் புடைப்பவர்களும் இதில் அடக்கமா?"

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "இல்ல, சேர். அவங்க ஒன்பது பேர். நாட்கூலி. பேரேட்டில பெயர் இல்ல." சற்றுப் பொறுத்து, "அம்மாவும் அங்கதான் புடைக்கிறாங்க" என்றாள்.

ஒரே பந்தி என்றதற்கு அவள் ஏன் சிரித்தாள் என்பது அப்போது விளங்கிற்று. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல எனக்கு என்ன தகுதி? தினந்தோறும் கணக்கெழுதிய கை, தன் தாயை எண்ணிக்கையிற் சேர்க்க மறந்திருந்தது. பேரேடு அவ்வாறே அதைப் பழக்கியிருந்தது. அவள் 14ஐ வெட்டி 23 என்று எழுதினாள்.

மூன்று மாதம் கழித்து வேறொரு கம்பனியின் நேர்முகப் பரீட்சைக்குப் போனாள். அதே கேள்வி வந்தது. அலங்காரம் எதுவுமின்றி ஐந்து வாக்கியங்கள் சொன்னாள். 23 பேரும் நிரந்தர ஊழியரா என்று ஒருவர் கேட்டாராம். "14 பேர் நிரந்தரம், 9 பேர் நாட்கூலி, அவர்களில் ஒருவர் என் தாய்" என்று ஆங்கிலத்திலேயே விடை சொல்லியிருக்கிறாள். அடுத்த மாதம் நியமனக் கடிதம் வந்தது.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். பசு, தைப்பொங்கல், நூலகம் என்று கட்டுரைத் தலைப்புக் கொடுத்துப் பழகிவிட்டோம். அவற்றோடு ஊரிலுள்ள தேயிலைத் தொழிற்சாலை, கூட்டுறவுச் சங்கம், மிளகுக் கடை ஆகியவற்றைப் பற்றியும் எழுதச் சொல்வோம். யாரிடம் வாங்கும், என்ன செய்யும், யாருக்கு விற்கும், எத்தனை பேர் உழைக்கின்றனர் என்பவற்றை மாணவர் முதலில் தமிழிற் சொல்லட்டும். தமிழில் தெளிவாகச் சொல்லத் தெரிந்தவனுக்கு ஆங்கிலம் சில மாதப் பாடம். தெரியாதவனுக்கோ எத்தனை தாள்களைப் பாடமாக்கினாலும் அது வேறு யாருடையதோ கம்பனியாகவே இருக்கும்.

கொழும்புக்குப் புறப்படுமுன் தாயும் மகளும் என் வீட்டுக்கு வந்தனர். வெற்றிலையும் பழமும் வைத்த தட்டை நீட்டிய அந்தத் தாய், விடைபெறும் வேளையில் தயங்கி நின்று கேட்டார்:

"அந்த இங்கிலீசுக் கணக்கில என்னையும் சேத்துச் சொன்னாளாமே, மாஸ்டர். மெய்யா?"

"மெய்தான்" என்றேன்.