ஜாவாஸ்கிரிப்ட்ல தேதி, மாசம், வருஷம் பிரிக்கிறது

நம்ம ஜூஜுவாடியைத் தாண்டினா அத்திப்பள்ளி, கர்நாடகா. இங்க லோடு ஏத்தின வண்டி கொஞ்ச தூரம் ஓடினாலே மாநிலம் மாறிடும். 2018 ஏப்ரல் 1-ல இருந்து, 50,000 ரூபாய்க்கு மேல சரக்கு அப்படி எல்லை தாண்டினா பொதுவா இ-வே பில் கட்டாயம். அதுல தேதி நாள்/மாதம்/வருடம்னு வரும்.

அந்த "05/04/2018"-ஐ அப்படியே நியூ டேட்டுக்குள்ள போட்டா, குரோம் அமெரிக்க வழக்கப்படி மே 4-ன்னு படிக்கும். எரர் வராது. "13/04/2018" போட்டாதான் இன்வேலிட் டேட்னு கத்தும். 13-வது மாசம் ஏது? அதாவது ஒவ்வொரு மாசமும் முதல் 12 நாள், தப்பு சத்தமில்லாம உள்ள போகும். ஸ்லாஷ்ல ஸ்ப்ளிட் பண்ணுங்க, மூணும் தனித்தனியா கையில வந்துடும்.

ஏற்கனவே டேட் ஆப்ஜெக்ட் இருந்தா, தேதிக்கு கெட்டேட். கெட்டே இல்லை, அது கிழமை. வருஷத்துக்கு கெட்ஃபுல்இயர், பழைய கெட்இயர் 2018-க்கு 118-னு தரும். கெட்மந்த்ல 1 கூட்டணும், ஜனவரி அங்க 0. சி மொழியில இருந்து ஜாவா வழியா 1995-ல வந்து சேர்ந்த பரம்பரைச் சொத்து இது!

நிறைய பேர் டூஐஎஸ்ஓஸ்ட்ரிங் எடுத்து முதல் 10 எழுத்தை வெட்டுவாங்க. எனக்கு இது பிடிக்கவே பிடிக்காது. அது யூடிசி நேரம், நாம அஞ்சரை மணி நேரம் முன்னாடி இருக்கோம். இங்க ஏப்ரல் 1 பிறக்கும்போது அங்க மார்ச் 31 சாயங்காலம் 6.30. நைட் ஷிஃப்ட்ல போட்ட பில் போன நிதியாண்டுல விழும். பகல்ல டெஸ்ட் பண்ணா இது தெரியவே தெரியாது.